மக்கு மாப்பிள்ளையின் சொந்தக் குரல்

எங்கள் வீட்டில் அவரை 'அவன்' என்றுதான் சொல்வோம். "அவன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் வந்து உட்காருவார். வாரத்தில் ஐந்து நாள் வந்த ஒரு சிரிப்புத் தொடரில் வீட்டோடு இருக்கும் மக்கு மாப்பிள்ளையாக நடித்தவர் அவர். மாமனார் தண்ணியுள்ள தேங்காயாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னால், கடையில் இருக்கிற தேங்காயை எல்லாம் உடைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் இருக்கு மாமா" என்று வெறுங்கையோடு திரும்பி வருவான் அந்த மாப்பிள்ளை. மாமனார் தலையில் அடித்துக்கொண்டு, "கொஞ்சமாவது யோசிச்சியாடா?" என்பார். அவன் அண்ணாந்து பார்த்து, கண்ணை மெதுவாக மூடித் திறந்து, நாக்கு மேலே ஒட்டிக்கொண்ட மாதிரி இழுத்துச் சொல்வான்: "யோசிச்சேன் மாமா... வரல."

அந்த 'வரல' எங்கள் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. நான் வேலை பார்க்கும் அன்னவாசல் கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனால்கூட, "யோசிக்குது, வரல" என்போம். ஆனால் அதை அப்பா அளவுக்கு யாரும் சொல்ல முடியாது. அவர் புதுக்கோட்டையிலிருந்து கட்டுமாவடிக்கு ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்கூடைக்காரிகளோடு வாய் கொடுத்து ஜெயித்த ஒரே கண்டக்டர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு டிரைவரின் இருமலை, ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரின் மூக்குப் பேச்சை, யாரை வேண்டுமானாலும் அப்படியே செய்து காட்டுவார். மக்கு மாப்பிள்ளையும் அவருடைய கைச்சரக்கில் ஒன்றாகிவிட்டான்.

அந்தத் தொடரின் படப்பிடிப்பு எங்கள் ஊருக்கே வரும் என்று யார் நினைத்தார்கள்? அன்னவாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாப்பிள்ளை குடும்பம் சொந்த ஊர்த் திருவிழாவுக்கு வருவதாக ஒரு வாரக் கதை. எதிர்வீட்டை மாமனார் வீடாக்கினார்கள். மேக்கப் போட, நடிகர்கள் உட்கார எங்கள் வீட்டைக் கேட்டார்கள். அப்பா அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றார். நான் அந்த வாரம் லீவு போட்டேன். என் கணவர் திருச்சியில் வேலை பார்ப்பவர், வார இறுதியில்தான் வருவார். அதனால் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான்.

முதல் நாள் வேனிலிருந்து அவர் இறங்கியதும் அப்பா நேரே போய் அவர் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். "வாடா மாப்ள! வழி தெரிஞ்சு வந்தியா, யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டியாந்தாங்களா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். "வழி தெரிஞ்சுச்சு மாமா... ஊரு தெரியல."

தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு யார் யாரோ வந்து குட்டினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையைக் கொடுத்தார். குள்ளமான ஒரு அம்மா வந்தபோது, அவர்களுக்கு எட்டுகிற மாதிரி முழங்காலை மடக்கிக் குனிந்ததைப் பார்த்தேன். என்னைப் போல அதைக் கவனித்தவர்கள் இருந்தார்களா தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா அவருக்கு இலையில் சோறு வைத்து, சின்னக் குழந்தையிடம் பேசுவது போல, "இது சாம்பாரு. இது ரசம். தெரியுதா?" என்று காட்டினார். அவர், "இது எலையா?" என்று கேட்டார். அதற்கும் சிரிப்பு.

இரண்டாம் நாள் எனக்கு முதல் அதிர்ச்சி. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு வாசல் தெரியும். அவர் நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு விழுகிற காட்சி. மற்றவர்கள் லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் தனியாக வந்து நிலையின் உயரத்தைக் கையால் அளந்தார். எத்தனை எட்டு வைத்தால் எங்கே வருவோம் என்று நடந்து பார்த்தார். பிறகு உதவி டைரக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் ஓடிப் போய் மாமனார் நடிகரின் துண்டை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிவிட்டாள். முந்தின காட்சியில் துண்டு எங்கே இருந்தது என்பது அவருக்குத்தான் நினைவிருந்திருக்கிறது.

"ஸ்டார்ட்" என்றார்கள். அவர் இளித்துக்கொண்டே ஓடிவந்தார். டமார் என்று சத்தம். என் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. தலை உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி எடுத்தபோதுதான் பிடிபட்டது. தலை நிலைக்கு ஒரு நூல் இடைவெளியில் நின்றது. சத்தம் வந்தது அவருடைய உள்ளங்கையிலிருந்து. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே சத்தம், அதே விழுகை.

அம்மாவிடம் சொன்னேன். "பாவம், விழுந்து விழுந்து பழகியிருக்கும்" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் காலை, டீ நேரம். எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அவர். கேட்டுக்கு வெளியே பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கூட்டம், கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. அப்பா என்னிடம் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மி ஆத்தா" என்றார். நான் வடைத் தட்டு எடுக்க உள்ளே போனேன். வெளியே யாரோ கத்துவது கேட்டது: "கண்டக்டரய்யா, மாப்ள மாதிரி ஒருக்கா சொல்லுங்க! ரெண்டு பேரும் சேந்து!"

நான் தட்டோடு வாசலுக்கு வந்தபோது அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடித் திறந்தார். "யோசிச்சேன்" என்பது வரைக்கும் சுத்தமாக வந்தது. அதற்கு மேல் வந்தது சொல்லாக இல்லை. "ம்மா... ம்... வ..." என்று குழறியது. கையிலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து வேட்டியில் கொட்டியது. உதட்டோரம் எச்சில் வழிந்தது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. நானும் சிரித்தேன். அப்பா இன்றைக்கு அசல் ஆளையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு ஆள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அப்பா முன்னால் மண்டியிட்டார். "ஐயா, என்னப் பாருங்க. பல்லு தெரிய சிரிங்க பாப்போம்."

அப்பாவின் வாய் ஒரு பக்கம்தான் போனது. கூட்டம் மறுபடி சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை மேலே போனது. வலது கை பாதி எழுந்து, ஈரத்துணி மாதிரி மடியில் விழுந்தது. அதற்கும் ஒரு விசில். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "சிரிக்காதீங்க!" என்று கத்தினார். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். தொடரில் அவன் கோபப்பட்டால் இப்படித்தான் கத்துவான். "டயலாக் சூப்பரு!" என்றான் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆள். எதிர்வீட்டிலிருந்து மேனேஜர், "சார், ஷாட் ரெடி" என்று சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். அப்போதுதான் அந்தக் குரலை முதல் தடவையாகக் கேட்டேன். இழுப்பு இல்லை, குழறல் இல்லை. தாழ்ந்த, நிதானமான, படித்த குரல்.

"அக்கா, நான் நடிக்கல. அப்பாவும் நடிக்கல. அவருக்கு பக்கவாதம் வந்திருக்கு. நான் சொல்றத நம்புங்க."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இரண்டு வருஷமாக எங்கள் டிவியில் தேங்காய் உடைத்த முகம். அந்த முகத்திலிருந்து இந்த வார்த்தைகள் வருவதை என் மனது ஏற்கவே இல்லை.  ஏதோ சொல்ல வாயெடுத்தேன், "நீங்க..." என்பதற்கு மேல் வரவில்லை.

அவருக்கு அது பழக்கம் போலிருக்கிறது. கோபமே இல்லாமல், இன்னும் மெதுவாகச் சொன்னார். "நான் பேசும்போது உதட்டக் கோணவே மாட்டேன்க்கா, நாக்க மட்டுந்தான் இழுப்பேன். அப்பாவோட உதடு வலது பக்கம் எறங்கியிருக்கு, பாருங்க. அதே பக்கம் கை விழுந்திருக்கு. அப்படி யாராலயும் நடிக்க முடியாது. கெளம்புங்க."

பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

அம்மா சமையலறையிலிருந்து சொம்போடு ஓடி வந்தார். "வெயிலு மயக்கமா இருக்கும்... ஒரு வாயி தண்ணி குடுங்க..."

"அம்மா, வாயில ஒண்ணும் குடுக்காதீங்க. பொரை ஏறிரும்" என்று சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். மேனேஜரைப் பார்த்து, "வண்டிய எடுங்க" என்றார். அந்த மேனேஜரும் ஒரு நொடி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்தான் நின்றார். பிறகு ஓடினார்.

வேனில் அப்பாவை நடுவில் உட்கார வைத்து, தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அம்மா முன் சீட்டில் அழுதுகொண்டே வந்தார். சித்தன்னவாசல் பிரிவைத் தாண்டும்போது அவர் என்னிடம் கேட்டார்: "கடைசியா எப்ப நல்லாப் பேசுனாரு?"

"டீ குடிக்கும்போது. சக்கர கம்மின்னாரு."

"அந்த நேரத்த மனசுல வச்சுக்கங்க. அதத்தான் மொதல்ல கேப்பாங்க. பிரஷர் மாத்திரை எடுக்குறாரா? சுகர்? ரத்தத்த எளக்குற மாத்திரை ஏதாச்சும்?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இப்ப நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க. 'இந்த நேரம் வரைக்கும் நல்லா இருந்தாரு. திடீர்னு வலது பக்கம் முகமும் கையும் விழுந்திருச்சு. பேச்சு போயிருச்சு. பக்கவாதம்னு நெனைக்கிறோம். ஸ்கேன் எடுத்து ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசி போட முடியுமான்னு பாருங்க.'"

திருப்பிச் சொன்னேன். தப்பு வந்தது. மறுபடி சொல்ல வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளையை மனப்பாடம் செய்ய வைப்பது போல.

"நீங்களே சொல்லிறலாமே" என்றேன்.

"நான் சொன்னா சிரிப்பாங்கக்கா."

மிகையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. அப்பாவை இறக்க அவர் முதலில் கீழே இறங்கினார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான். முகம் மலர்ந்தது. "சார்! ஷூட்டிங்கா? கேமராவ எங்க வச்சிருக்கீங்க?" என்று மரத்துக்கு மேலே எல்லாம் தேடினான். நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒரு பெண் செல்போனை நீட்டினாள். என் அப்பா வேன் படியில் ஒரு பக்கமாகச் சரிந்து, வாயில் எச்சில் ஒழுகக் கிடக்கிறார். அவரைப் பார்த்து ஒரு ஆள் சொன்னார்: "பெரியவரு யாரு, புது ஆளா? நல்லா நடிக்கிறாரே."

இதை இன்றைக்கு எழுதும்போதும் என் கை நின்றுவிடுகிறது.  

அவர் அப்பாவை என் கையில் சாய்த்துவிட்டு வேனுக்குள் ஏறிக் கதவை மூடிக்கொண்டார். அந்த முகம் மறைந்த பிறகுதான் அங்கே நின்றவர்களுக்கு அப்பா கண்ணில் பட்டார். சக்கர நாற்காலிக்காரனின் சிரிப்பு அப்படியே உறைந்ததைப் பார்த்தேன். "ஐயையோ, நெசந்தானாம்மா?" என்று பதறி, அப்பாவை ஒற்றை ஆளாகத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு ஓடினான்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் எல்லாமே வேகம்தான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கையெழுத்து, ஊசி. பிறகு வெளியே வந்து, "நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க. இன்னும் தாமதிச்சிருந்தா இந்த ஊசிய போட்டிருக்க முடியாது" என்றார்.

நான் வேனைத் தேடி வெளியே வந்தேன். அது போய்விட்டிருந்தது. பின்னாலேயே வேறு வண்டியில் வந்த உதவி டைரக்டர் பெண் மட்டும் என் செருப்போடு நின்றாள். வீட்டிலிருந்து வெறுங்காலோடு வந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "சாருக்கு ஷாட் இருக்குக்கா. திருவிழாக் காட்சிக்கு ஊரையே நிறுத்தி வச்சிருக்காங்க. சாயங்காலம் பேசுறேன்னாரு" என்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்தபோது செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. குடும்பக் குழுவில் ஒரு வீடியோ. அனுப்பியது கத்தாரில் இருக்கும் என் அண்ணன். கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. "அப்பா செம்ம! மாப்ளயவே மிஞ்சிட்டாரு. எல்லா குரூப்லயும் இதான் ஓடுது." அதற்குக் கீழே சித்தப்பா, மாமா பிள்ளைகள், யார் யாரோ சிரித்திருந்தார்கள். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நேரத்தை யாரோ கேட்டுக்கு வெளியிலிருந்து படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தேன். அப்பா அண்ணாந்து பார்க்கிறார். பக்கத்தில் மக்கு மாப்பிள்ளை, பாதி திறந்த வாயோடு, இளிப்போடு. அப்பாவின் குரல் குழறுகிறது. அந்த நொடியில் பக்கத்து நாற்காலியில் இருக்கிற முகம் மாறுகிறது. வாய் மூடுகிறது, கண் கூர்மையாகிறது, புருவம் இறங்குகிறது. ஒரு ஆள் எழுந்து போய் வேறொரு ஆள் அதே சட்டையில் வந்து உட்கார்ந்த மாதிரி. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சுற்றிலும் அத்தனை சிரிப்பு. என் சிரிப்பும் அதில் தனியாகக் கேட்டது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "பாத்தியா வீடியோவ?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தான். நடந்ததைச் சொன்னேன்.  "நான் என் ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன் தங்கச்சி" என்றான்.

மறுநாள் காலை அப்பா நன்றாகக் கண் விழித்தார். கை லேசாக அசைந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. எவ்வளவோ முக்கி முனகிய பிறகு ஒரே ஒரு சொல் வந்தது.

"வரல."

பக்கத்தில் ஊசி போட வந்த நர்ஸ் பெண் தன்னையறியாமல் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பயம்தான் வந்தது. அப்பாவின் மூளையில் அந்தப் பைத்தியக்கார வசனம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறதா?

முந்தின சாயங்காலமே நடிகர் போனில் விசாரித்திருந்தார்; அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். 

"அக்கா, அது வசனம் இல்ல. வார்த்தை வரலன்னு ஒங்ககிட்ட சொல்றாரு. சரியாத்தான் சொல்றாரு. என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும், சொல்லுதான் கெடைக்கல. புத்தி அப்படியே இருக்கு. வர்ற எல்லார்கிட்டயும் இத மட்டும் சொல்லிருங்க. பேச்சு போனா புத்தியும் போச்சுன்னு நெனச்சுருவாங்க."

அன்றைக்குத்தான் கேட்டேன், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அவர் சொன்னார். பேச்சுக் குறைபாடுகளுக்கான சிகிச்சை படித்தவராம், மேல்படிப்பும் சேர்த்து. நடிக்க வருவதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்திருக்கிறார். வார இறுதியில் நாடகம். அதைப் பார்த்துத்தான் தொடருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அந்த மாப்பிள்ளையோட பேச்ச நானாத்தான் உண்டாக்குனேன். என்கிட்ட சிகிச்சைக்கு வந்த யாரோட பேச்சும் அதுல வந்திரக் கூடாதுன்னு ரொம்ப யோசிச்சேன். அவன் பேச்சு நோய் இல்லக்கா, சோம்பேறி நாக்கு. ரெண்டும் வேற."

அவர் எச்சரித்தபடியே நடந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். அப்பாவின் காதுக்கருகில் குனிந்து, செவிடரிடம் கத்துவது போல, "யாருன்னு தெரியுதா? நாந்தான்! குன்றாண்டார்கோவில்ல இருந்து வந்திருக்கேன்! தெரியுதா?" என்றார்கள். அப்பா இருக்கும்போதே என்னிடம், "ஒண்ணும் புரியாதுல்ல?" என்று கேட்டார்கள். ஒருவர் குழந்தைக்குச் செய்வது போல அவர் கன்னத்தைத் தட்டினார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. "எல்லாம் புரியும் மாமா, பேச்சு மட்டுந்தான் வரல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தலையாட்டுவார்கள். மறுபடி அதே மாதிரிதான் பேசுவார்கள்.

படப்பிடிப்பு முடிந்து கிளம்பும் நாளில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பி, முகக்கவசம், யாருக்கும் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, என்ன வேலை பாத்தீங்கன்னு அக்கா சொன்னாங்க. உங்க பஸ்ஸுல ஒரு தடவ போவோமா?"

அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். அவர் கட்டில் கம்பியைத் தட்டி, பஸ் ஸ்டாண்டில் கூவுகிற ராகத்தில் மெதுவாகத் தொடங்கினார்: "அறந்தாங்கி... அறந்தாங்கி..."

அப்பாவின் உதடு அசைந்தது. "அ... அறந்தாங்கி" என்று வந்தது. பிறகு யாரும் எடுத்துக் கொடுக்காமலே, அதே ராகத்தில், "நாகுடி, கட்டுமாவடி, ஏறு ஏறு... போலாம் ரைட்!"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.  தண்ணி என்று கேட்க முடியாத மனிதர், மனைவி பெயர் வராத மனிதர், முழு ரூட்டையும் கூவிவிட்டார்! அப்பாவே திகைத்துப் போய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

"வாழ்க்கை பூரா சொன்னது தனி எடத்துல இருக்கும்க்கா. பாட்டு, சாமி பேரு, எண்ணிக்கை மாதிரி. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் மத்த வார்த்தைகள மேல ஏத்தணும். ரொம்ப நாளாகும். எல்லாமே திரும்பி வராது. அதையும் இப்பவே சொல்லிர்றேன்" என்றார்.

அப்புறம் பல மாதங்கள் சென்னையிலிருந்து வீடியோவில் பேசினார். புதுக்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அப்பாவைக் கூட்டிப்போனோம். அதற்கு மேலே இது. சில நாள் பாதி மேக்கப்போடு இருப்பார், எண்ணெய் வழிய வாரிய தலையும் மாப்பிள்ளையின் கட்டம்போட்ட சட்டையுமாக. அந்த வேஷத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த நிதானமான குரலில், "ஐயா, இது என்ன? குடிக்கிறது. காலையில குடிக்கிறது. கா...?" என்று கேட்பார். அப்பா வேர்த்து விறுவிறுத்து, "கா... காப்பி" என்பார். ஒரு நாள் காப்பி என்பதற்குப் பதிலாக "காக்கா" வந்துவிட்டது. அப்பாவே முதலில் சிரித்தார். பிறகுதான் அவர் சிரித்தார்.

"வெளியில நீங்க இப்படின்னு யாருக்கும் தெரியாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டாங்க. திக்குற புள்ளைகளப் பத்தி பேசுனேன். நல்லாத்தான் கேட்டாங்க. முடிச்சதும், 'சார், அந்த வரல சொல்லுங்க'ன்னாங்க. சொன்னேன். எல்லா வீடியோவுலயும் அது மட்டுந்தான் இருந்துச்சு."

சில வாரம் கழித்து எங்கள் ஊரில் எடுத்த பகுதி டிவியில் வந்தது. திருவிழாக் கூட்டத்தில் மாப்பிள்ளை சேற்றில் வழுக்கி விழுந்து, சாமி தூக்குகிறவர்களுக்கு நடுவில் தவழ்ந்து போகிற காட்சி. ஊரே சிரிக்கிறது. பின்னால் எங்கள் வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அது அந்த நாள் மதியம் எடுத்தது. அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த அதே மனிதர், புதுக்கோட்டையிலிருந்து திரும்பி வந்து சேற்றில் விழுந்திருக்கிறார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் அறிவின் பொறிகூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அத்தனையையும் எங்கே கொண்டுபோய் வைத்தார்?

அம்மா டிவியை அணைக்கப் போனார். அப்பா கையைக் காட்டித் தடுத்தார். முழுதும் பார்த்தார். சிரிக்கவும் செய்தார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் 'அவன்' என்று சொன்னதில்லை. அம்மாகூட, "அவரு வர்ற நேரமாச்சு" என்பார்.

அந்தத் தொடர் இப்போது முடிந்துவிட்டது. அப்பா கம்பு ஊன்றிக் கடைத்தெரு வரை போய் வருகிறார். மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறார். அவசரப்பட்டால் எல்லாம் கலைந்துவிடும். யாரையும் போல் பேசிக் காட்டுவது மட்டும் போய்விட்டது. இனி வராது என்று நினைக்கிறேன். அது எங்களுக்குப் பெரிய இழப்புதான்.

போன மாதம் அவர் பேசினார். புதுத் தொடர் ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம்.

"என்ன வேஷம்?" என்றேன்.

"மக்குப் போலீஸ்."

எனக்குச் சுருக்கென்றது. "வேற வேஷமே தர மாட்டாங்களா ஒங்களுக்கு?"

"கேட்டுப் பாத்தேன்க்கா. ஒரு வாத்தியார் வேஷத்துக்கு நடிச்சுக் காட்டச் சொன்னாங்க. பாடம் நடத்த ஆரம்பிச்சேன். கேமராமேன் சிரிச்சுட்டாரு" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குரலில் எது நடிப்பு, எது இல்லை என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், வலது கையை. கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சொற்களைச் சேர்த்தார். நாங்கள் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நீங்க... நடிங்க" என்றார். மூச்சு வாங்கினார். "நான்... பாக்குறேன். நல்லா... பாக்குறேன்."

அந்தப் பக்கமிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.